அமெரிக்காவிலிருந்து வந்த கலா

என் கணவர் அமெரிக்காவிலிருந்து திரும்பியதும் முதலில் சந்தேகப்பட்டது நான் இல்லை. அவருடைய அக்காதான்.

அறுபதுகளின் முற்பகுதி அது. பம்பாய் செம்பூரில் ஒரு சாலில், வரிசையாக ஒற்றை அறைக் குடித்தனங்கள் கொண்ட மாடிக் கட்டடத்தில், ஓர் அறையும் அடுப்படியுமாக எங்கள் வீடு. அவருக்கு டிராம்பே பக்கம் ஓர் உரத் தொழிற்சாலையில் வேலை. புது இயந்திரங்களைப் பழகிக்கொண்டு வரச் சொல்லி கம்பெனி சிலரை அமெரிக்காவுக்கு அனுப்பியபோது அவரும் போனார். மற்றவர்களெல்லாம் வேறு வேறு ஊர்களுக்குப் பிரிந்து போக, இவர் மட்டும் நியூயார்க்கில் இறங்கி, சிகாகோவில் சில வாரம் இருந்து, பிறகு தெற்கே நியூ ஆர்லியன்ஸ் என்ற ஊரில் பல மாதம் தங்கிவிட்டு, மழைக்காலம் தொடங்குவதற்குள் திரும்பி வந்தார்.

வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை தாராவியிலிருந்து சொந்தக்காரர்கள் எல்லாரும் பஸ் ஏறி வந்துவிட்டார்கள். மதினி, அதாவது அவருடைய அக்கா, நடுவில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அப்பா அம்மா போன பிறகு தம்பியைத் திருநெல்வேலியிலிருந்து பம்பாய்க்கு அழைத்து வந்து படிக்க வைத்தவர் அவர்தான். தோல் பதனிடும் பட்டறையில் வேலை செய்த தன் புருஷனின் சம்பளத்தில், தாராவிக் குடிசைக்குள் ஒரு விளக்கைத் தம்பிக்கென்று ஒதுக்கிக் கொடுத்தவர். அமெரிக்காவுக்குப் போய்வந்த தம்பியை அன்று வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லாரும் உயரமான கட்டடங்களைப் பற்றிக் கேட்டார்கள். பனியைப் பற்றிக் கேட்டார்கள். அவர் சாப்பாட்டைப் பற்றியே பேசினார்.

நியூயார்க்கில் தெருமுனையில் வண்டி வைத்து, முறுக்கைப் போல வளைத்த ரொட்டியை மேலே கல்லுப்பு ஒட்ட விற்கிறார்களாம். கடுகு அரைத்த விழுதைத் தொட்டுக்கொண்டு தின்ன வேண்டுமாம். உருளைக்கிழங்கை மசித்து மாவுக்குள் வைத்துச் சுட்ட ஒன்று உண்டாம். நம் பட்டாட்டா வடைக்குத் தூரத்துச் சொந்தம் என்றார். சிகாகோவில் நீளமான பன்னுக்குள் சாசேஜ் வைத்து, அதன்மேல் வெங்காயம், தக்காளி, ஊறுகாய் வெள்ளரிக்காய், பச்சை மிளகாய் என்று ஒரு தோட்டத்தையே ஏற்றிக் கொடுப்பார்களாம். “அதுல தக்காளி சாஸ் கேட்டா மட்டும் ஏதோ கெட்ட வார்த்தை சொன்ன மாதிரி முறைப்பான்” என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

நியூ ஆர்லியன்ஸுக்கு வந்ததும் அவர் குரல் கொஞ்சம் தணிந்தது. பஞ்சு மாதிரி சீவிய ஐஸ், சாறு ஊற்றித் தருவார்கள். நம் பம்பாய்த் தெருவில் விற்கிற ஐஸ் கோலாவைவிட நைசாக இருக்கும். சர்க்கரையும் ஏதோ ஒரு கொட்டையும் சேர்த்துக் காய்ச்சிய மிட்டாய். மக்காச்சோள மாவில் கறி வைத்து, சோளத் தோகையில் சுற்றி அவித்த கொழுக்கட்டை. திங்கட்கிழமையானால் ஊர் முழுக்கச் சிவப்புப் பயறும் சோறும். அப்புறம் நிறுத்தி, யாரையும் பார்க்காமல், “கலா” என்றார். “கலாதான் எல்லாத்துலயும் நல்லா இருக்கும்.”

மதினி சட்டென்று நிமிர்ந்தார். “யாருலே அது கலா?”

“ஆள் இல்லக்கா. பலகாரம். சோத்துல செய்யுற பலகாரம்.”

“பலகாரத்துக்கு எவனாவது கலான்னு பேரு வைப்பானா?”

“அவிய வைக்காவ. நான் என்ன செய்ய?”

எல்லாரும் மறுபடி சிரித்தார்கள். மதினி சிரிக்கவில்லை. போகும்போது சால் மாடிப்படியில் என் கையைப் பிடித்து நிறுத்தினார். “ஏட்டி, சோத்துல எங்கயாவது பணியாரம் செய்வாவளா? அதுவும் வெள்ளைக்காரன் தேசத்துல? இவன் வாயில பொம்பள பேரு வந்துட்டு. வந்தத மறைக்கப் பலகாரம்ன்னுட்டான். நீ கண்ண தொறந்து வச்சுக்க.”

நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்றுதான் நினைத்தேன். ஆனால் அன்று முதல் அவர் பேசும் ஒவ்வொரு வார்த்தையையும் பிடித்து வைத்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டேன்.

குளிக்கும்போது ஏதோ ஒரு ராகத்தில் முணுமுணுப்பார். அதிலும் கலா வந்தது. கேட்டால், “தெருவுல விக்கும்போது பாடுவாவ” என்பார். நான் விடாமல் கேட்கவே, ஒரு சனிக்கிழமை, “சரி, செஞ்சே காட்டுதேன்” என்றார்.

திருமணமான நாளிலிருந்து அடுப்படிக்குள் தண்ணீர் குடிக்க மட்டும் வந்தவர் அவர். அன்று சாயங்காலம் பாவ் ரொட்டி சுடும் பேக்கரியிலிருந்து ஈஸ்ட் வாங்கி வந்தார். சோற்றைக் குழைய வடித்து, ஆறவிட்டு, மசித்து, ஈஸ்டைக் கரைத்து ஊற்றி மூடி வைத்தார். மறுநாள் காலையில் அது நுரைத்துக் கிடந்தது. முட்டை, மைதா, சர்க்கரை சேர்த்தார். “ஜாதிக்காய் இருக்கா?” என்றார். பக்கத்து வீட்டில் வாங்கிக் கொடுத்தேன். அதை உரசிப் போட்டு, கரண்டியால் எண்ணெயில் விட்டார். ஒரு சொட்டு மாவைப் போட்டு எண்ணெயின் சூட்டைப் பார்த்தார். ஒரு பக்கம் வெந்ததும் உருண்டைகள் தாமே புரளும்வரை காத்திருந்தார். எடுத்து, பொடித்த சர்க்கரையைத் தூவி, ஒரு காகிதத்தில் வைத்து என் கையில் கொடுத்தார்.

வெளியே மொறுமொறுவென்று, உள்ளே மெத்தென்று, ஜாதிக்காய் வாசனையோடு இருந்தது. இவ்வளவு நன்றாக இருந்திருக்கக் கூடாது. அதுதான் எனக்குப் பயத்தைக் கொடுத்தது. இதைக் கடையில் வாங்கித் தின்ற மனிதருக்கு இவ்வளவு கைப்பக்குவம் வராது. செய்கிறவளின் பக்கத்தில் நாள் கணக்காக நின்று பார்த்திருக்க வேண்டும்.

“யாரு சொல்லிக் கொடுத்தா?” என்றேன்.

“ஒரு அம்மா.”

“எந்த அம்மா?”

“விக்கிற அம்மா” என்று சொல்லி, எண்ணெய்ச் சட்டியை இறக்கி வைக்கத் திரும்பிக்கொண்டார். அதோடு பேச்சு முடிந்தது.

அப்போதுதான் ஒன்று உறைத்தது. அவருடைய நியூயார்க் கதைகளிலும் சிகாகோ கதைகளிலும் மேசை, நாற்காலி எல்லாம் வந்தன. சிகாகோவில் தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் போய் உட்காரும் ஒரு பெரிய சாப்பாட்டுக் கூடத்தைப் பற்றி விளக்கமாகச் சொல்லியிருந்தார். நியூ ஆர்லியன்ஸ் கதைகளில் மட்டும் ஒரு நாற்காலி கிடையாது. எல்லாம் தெருவில், வண்டியில், ஜன்னலில். கம்பெனி அனுப்பிய ஆள், டை கட்டிக்கொண்டு வேலைக்குப் போனவர், அத்தனை மாதமும் தெருவில்தான் தின்றாரா? அல்லது யாராவது வீட்டில் சாப்பிட்டதைத் தெரு என்று சொல்கிறாரா?

வேறு மாற்றங்களும் தெரிந்தன. போவதற்கு முன் மாதுங்காவில் ஒரு ஹோட்டலுக்குக் காபி குடிக்கப் போவது எங்களுக்கு வழக்கம். வந்தபிறகு முதல்முறை போனபோது அவர் வாசலிலேயே நின்றுவிட்டார். “பார்சல் வாங்கிட்டு வா. வெளிய நின்னு சாப்பிடலாம்” என்றார்.

“தெருவுல நின்னு நான் தோசை திங்கவா? நல்லாருக்கே” என்று நான் உள்ளே நடந்தேன். அவர் வரவில்லை. பரிமாறுகிறவர் எட்டிப் பார்த்து, “வாங்கோ சார், எடம் இருக்கு” என்றார். அதற்கு இவர், “உள்ள வரலாமா?” என்று கேட்டார். கேலியாக இல்லை, நிஜமாகவே கேட்டார். “நன்னா கேட்டேள் போங்கோ, ஹோட்டல்னா உள்ளதானே வரணும்?” என்று அந்த மனிதர் சிரித்தார். இவர் வந்து உட்கார்ந்தார். கதவுக்குப் பக்கத்து மேசையில், கதவைப் பார்த்தபடி.

யாரிடமிருந்து ஒளிகிறார், யார் வந்துவிடுவார்கள் என்று பார்க்கிறார் என்று நான் யோசித்தேன்.

அதைவிடப் பெரியது கோயில் விஷயம். தாராவியில் எங்கள் தமிழ்க் கிறிஸ்தவக் கோயில் பாடகர் குழுவில் அவர் முன்வரிசைக்காரர். வந்த பிறகு, ஞாயிறு காலை என்னைக் கோயில் வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிட்டு, “ஆராதனை முடியும்போது வாறேன்” என்று போய்விடுவார். போதகர் என்னிடம் கேட்டார். சபையில் இருந்த பெண்கள் கேட்காமல் பார்த்தார்கள். அமெரிக்காவில் வேறு சபையில் சேர்ந்துவிட்டான் என்றார் ஒருவர். குடிப்பழக்கம் வந்திருக்கும், வாசனை தெரியாமலிருக்கத்தான் உள்ளே வருவதில்லை என்றார் இன்னொருவர்.

மதினிக்கு ஒரே விளக்கம்தான். “பாவம் பண்ணவன் பலிபீடத்துக்கு முன்னால நிக்க மாட்டான். கலா அங்கதான் வந்து நிக்கா.”

ஒரு ஞாயிறு, முதல் பாட்டு நடந்துகொண்டிருக்கும்போது மதினி என் முழங்கையில் இடித்தார். இருவரும் முக்காட்டோடு நழுவி வெளியே வந்தோம். அவர் தெருக்கோடியில் போய்க்கொண்டிருந்தார். நாங்கள் பின்னால் போனோம். தாராவியைக் கடந்து, ரயில் பாதையைத் தாண்டி, மாதுங்கா வரை. மதினிக்கு மூச்சு வாங்கியது. ஆனால் கண்ணில் ஒரு வெளிச்சம். இன்று பிடித்துவிடுவோம் என்ற வெளிச்சம்.

அவர் ஸ்டேஷன் பக்கம் ஒரு கோலா வண்டியில் போய் நின்றார். ஐஸ் சீவுகிறவரிடம், இன்னும் நைசாகச் சீவு, இன்னும் நைசாக என்று இந்தியில் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. பிறகு சிவப்புச் சாறு ஊற்றிய கோலாவை வாங்கி, சுவரோரம் நின்று, அவசரமில்லாமல் உறிஞ்சினார். யாரும் வரவில்லை. அவர் யாரையும் தேடவும் இல்லை. முடித்தபிறகும் வெறுங்கையோடு அங்கேயே நின்றார்.

“இதுக்கா கோயில விட்டுட்டு வந்தான்?” என்றார் மதினி. ஏமாந்துபோன குரல். கொஞ்ச நேரம் கழித்து, “சும்மா திங்கல. எதையோ நெனச்சுக்கிட்டுத் திங்கான்” என்று தீர்ப்புச் சொன்னார். எனக்கும் அப்படித்தான் பட்டது.

மழை விட்ட சமயத்தில் அமெரிக்காவிலிருந்து ஓர் எஞ்சினியர், புது இயந்திரத்தை ஓட்டிக் கொடுக்க, மனைவியோடு வந்து இறங்கினார். நியூ ஆர்லியன்ஸ் தொழிற்சாலைக்காரர். அங்கே என் கணவரோடு ஒரே பிரிவில் வேலை பார்த்தவர். கம்பெனி தோட்டத்தில் குடும்பங்களுக்கெல்லாம் ஒரு தேநீர் விருந்து ஏற்பாடு செய்தார்கள்.

“நாம போக வேண்டாம்” என்றார் இவர்.

“ஏன்?”

“எனக்குத் தலைவலி வரும்.”

நாலு நாள் கழித்து நடக்கப்போகிற விருந்துக்கு இப்போதே தலைவலி. நான் போயே தீருவது என்று முடிவு செய்தேன். அந்த ஊரில் இவரைக் கண்ணால் பார்த்த ஒரே சாட்சி அந்த அமெரிக்கர்தான். சாட்சியை நான் விசாரிக்காமல் விடுவேனா? மிஷன் பள்ளியில் படித்ததால் எனக்கு ஆங்கிலம் நன்றாகவே புரியும். பேசத்தான் கூச்சம். அன்று கூச்சத்தை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனேன்.

அமெரிக்கர் நல்ல உயரம், சிவந்த முகம், வெயிலில் வியர்த்துக்கொண்டு எல்லாரிடமும் கை குலுக்கினார். இவரைக் கண்டதும் தோளில் தட்டினார். இவர் சிரித்தார், உதட்டால் மட்டும். பிறகு யாரோ கூப்பிட்டார்கள் என்று மேலாளர் பக்கம் போய்விட்டார். நான் விடவில்லை.

“உங்கள் ஊரில் கலா என்று ஒரு பலகாரம் உண்டாமே?” என்று கேட்டேன்.

“கலாவா?” அவர் நெற்றியைச் சுருக்கினார். “நான் பிறந்து வளர்ந்ததே அந்த ஊர்தான், அம்மா. அப்படி ஒன்றைக் கேள்விப்பட்டதே இல்லை.”

அவர் குதூகலமாகப் பேசிக்கொண்டே போனார். “உங்கள் கணவர் கெட்டிக்காரர். ஆனால் எங்களோடு ஒருநாளும் சாப்பிட வந்ததில்லை. மத்தியான மணி அடித்ததும் பின்வாசல் வழியாக மறைந்துவிடுவார். எங்கே போகிறார் என்று எங்களுக்குள் பந்தயமே வைத்திருக்கிறோம். அங்கே யாரோ அவருக்காகக் காத்திருக்கிறார்கள் என்று கிண்டல் செய்வோம்.” கண்ணைச் சிமிட்டினார். தூரத்தில் இன்னொரு கூட்டத்தோடு நின்ற அவர் மனைவியைப் பார்த்துக் கையசைத்துவிட்டு அடுத்தவரிடம் போனார்.

கையிலிருந்த தேநீரை நான் குடித்தேனா, வைத்தேனா என்று நினைவில்லை.

திரும்பும்போது டிராம்பே ரோட்டில் பஸ்ஸுக்காக நின்றோம். வேறு யாரும் இல்லை. எதிரே எண்ணெய் ஆலையின் குழாய் நுனியில் தீ எரிந்துகொண்டிருந்தது. வெளிச்சம் இன்னும் இருந்தது.

“அந்த ஊர்ல கலான்னு ஒரு பலகாரமே கெடையாதாம்” என்றேன். “அங்கயே பொறந்த மனுசன் சொல்லுதாரு. மத்தியானம் மணியடிச்சா பின்வாசல் வழியா நீங்க எங்க போனிய?”

அவர் எதிரே எரிந்த தீயைப் பார்த்தார்.

“உங்க அக்கா வந்த அன்னைக்கே சொன்னாவ. நான்தான் நம்பல. அவ பேரே கலாதானா, இல்ல அதுவும் பொய்யா?”

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபம் இல்லை அந்த முகத்தில். அசதி இருந்தது. “ஏளா, அங்க எனக்குச் சோறு போட மாட்டேன்னுட்டான்” என்றார்.

எனக்குப் புரியவில்லை. “யாரு?”

“ஆலைக்கு எதுத்தாப்புல ஒரு ஹோட்டல். முத நாள் மத்தியானம் எங்க பிரிவுல எல்லாருமா போனோம். உக்காந்தோம். பரிமாறுறவ எல்லாருக்கும் தட்டு வச்சா. எனக்கு மட்டும் வரல. வரும் வரும்னு இருந்தேன். பொறவு முதலாளி வந்து எங்க பிரிவு ஆள் ஒருத்தன் காதுல ஏதோ சொன்னான். அவன் என்கிட்ட வந்து, நீ வெளிய நில்லு, உனக்குப் பொட்டலம் கட்டி எடுத்துட்டு வாறோம்ன்னான். நான் எந்திரிச்சு வெளிய வந்தேன். அவங்க உள்ள உக்காந்து சாப்பிட்டாங்க. கண்ணாடி வழியாத் தெரிஞ்சிது.”

“நீங்க இந்தியாக்காரன்னு சொல்லக் கூடாதா?”

“சொன்னேன். கறுப்புத் தோலுக்கு அங்க தேசம் கெடையாது. போர்டே போட்டிருக்கான். தண்ணி குடிக்கிற குழாய்கூட ரெண்டு.”

பஸ் ஒன்று வந்தது. நாங்கள் ஏறவில்லை. அது போய்விட்டது.

“பொட்டலத்த எடுத்துட்டு வந்து குடுத்தான். வாங்கினேன். தொறக்கல. மறுநாள்லருந்து பின்வாசல் வழியாப் போனேன். ஆலைக்குப் பின்னால அவங்க தெரு இருக்கு. கறுப்புக்காரங்க தெரு. அங்க ஒரு வீட்டு ஜன்னல்லருந்து ஒரு அம்மா பலகாரம் வித்துக்கிட்டிருந்தா. சோறு வேகுற வாசனை. நான் போய் நின்னதும் என் டையைப் பாத்தா, ஜன்னலச் சாத்திட்டா.”

“அவளுமா?”

“அவளுக்கு என் மேல சந்தேகம். அந்தச் சமயம் அவங்க ஆளுங்க ஹோட்டல் ஹோட்டலாப் போய் உக்காந்து, எங்களுக்கும் சாப்பாடு குடுன்னு கேட்டுக்கிட்டிருந்தாங்க. போலீஸ் பிடிச்சுட்டுப் போகுது. நான் வேவு பாக்க வந்தவன்னு நெனச்சா. மறுநாளும் போனேன். அதுக்கு அடுத்த நாளும். ‘உன்னை யாரு அனுப்பினா’ன்னா. யாரும் அனுப்பல, பசிக்குதுன்னேன். எந்த ஊருன்னா. இந்தியான்னேன். ‘இந்தியாவுல சோறு கெடையாதா’ன்னு கேட்டா. இருக்கு, அதான் இந்த வாசனைக்கு வந்தேன்னேன். அப்பவும் சிரிக்கல. காகிதத்துல சுருட்டி ரெண்டு குடுத்தா. அதுதான் கலா.”

“செய்யக் கத்துக்கிட்டது?”

“ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்னு பாத்ததுதான். உள்ள வான்னு ஒருநாளும் கூப்பிடல. கடைசிவரைக்கும் என்னை முழுசா நம்பல அவ. ஆனா ஜன்னலுக்குக் கீழ ஒரு மரப்பெட்டியப் போட்டா, நான் உக்கார.”

நான் கேட்க நினைத்ததை அவரே சொன்னார். முதல் ஞாயிறு கோட்டு போட்டுக்கொண்டு, வேதாகமத்தைக் கையில் எடுத்துக்கொண்டு பக்கத்திலிருந்த கோயிலுக்குப் போயிருக்கிறார். கோட்டில் பூ குத்திய ஒரு மனிதர் வாசலில் நின்று எல்லாரையும் வரவேற்றுக்கொண்டிருந்தார். இவரைக் கண்டதும் கையை நீட்டி மறித்து, உங்கள் ஆட்களுக்கு அந்தத் தெருவில் வேறு கோயில் இருக்கிறது என்று மரியாதையாகச் சொன்னாராம். “உள்ள பாட்டு ஆரம்பிச்சாங்க. ராகம் நம்ம ராகம். நான் இங்க நின்னு பாடுற அதே பாட்டு. வெளிய நின்னு கேட்டேன். அதுக்குப் பொறவு எந்தக் கோயில் வாசலைப் பாத்தாலும் அங்க ஒருத்தன் பூ குத்திக்கிட்டு நிக்கிற மாதிரி இருக்கு.”

“இத்தன நாளா ஏன் சொல்லல?”

“எல்லாரும் மாலை போட்டு அனுப்பி வச்சிய. வந்ததும் சுத்தி உக்காந்து அமெரிக்கா எப்படி இருக்குன்னு கேட்டிய. என்னத்தச் சொல்ல? தின்னது மட்டும்தான் சொல்லுற மாதிரி இருந்துச்சு.”

அடுத்த பஸ்ஸில் ஏறினோம். செம்பூர் வரை அவர் கையை நான் விடவில்லை. ஆனால் எல்லாவற்றையும் கேட்ட பிறகும் மனசு உடனே அடங்கிவிடவில்லை. மாதக்கணக்காகச் சந்தேகப்பட்ட மனசு அவ்வளவு சீக்கிரம் கையைக் கட்டிக்கொள்ளாது. அப்படியானால் அந்த அமெரிக்கர் ஏன் கண்ணைச் சிமிட்டினார்? ஒன்றுமே தெரியாதவர் போல ஏன் பேசினார்? இவர் சொல்வது நிஜமா, அவர் சிரித்தது நிஜமா?

அதைத் தெரிந்துகொள்ளத்தான் அவர்களை வீட்டுக்குக் கூப்பிடலாம் என்று நானே சொன்னேன். இவர் முதலில் மறுத்தார். இரண்டு நாள் யோசித்துவிட்டு, “வரட்டும். நான் கலா செய்யுதேன்” என்றார்.

அமெரிக்கரும் மனைவியும் ஒரு ஞாயிறு சாயங்காலம் எங்கள் சாலுக்கு வந்தார்கள். மதினியும் இருந்தார். எதையும் தவறவிடக் கூடாது என்று கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். இவர் அடுப்படியிலிருந்து சூடாகக் கொண்டுவந்து தட்டில் வைத்தார். அமெரிக்கர் ஒன்றை வாயில் போட்டு, அருமை, இது உங்கள் ஊர்ப் பலகாரமா என்று கேட்டார்.

அவர் மனைவி ஒரு கடி கடித்தவர் அப்படியே நிறுத்திவிட்டார். “இது கலா இல்லையா?” என்றார். “எனக்குச் சின்ன வயதில் எங்கள் சமையல்காரி செய்து கொடுப்பாள். வீட்டில் வேறு யாருக்கும் தெரியாது. அடுப்படியில் உட்கார்ந்து நானும் அவளும் தின்போம். உங்களுக்கு எப்படி இது தெரியும்?”

மதினி, கலா என்ற ஒரு சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு, என்னையும் அந்த அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

இவர் நிதானமாக ஆங்கிலத்தில் சொன்னார். “உங்கள் ஆலைக்குப் பின்தெருவில், ஒரு ஜன்னலில் விற்றார்கள். தினமும் அங்கேதான் சாப்பிட்டேன். எதிர் ஹோட்டலில் எனக்குத் தரவில்லை.”

அமெரிக்கரின் கை தட்டுக்குப் பக்கத்திலேயே நின்றது. “உங்களுக்கு எங்கள் சாப்பாடு பிடிக்கவில்லை என்றுதான் நான் நினைத்திருந்தேன்” என்றார்.

அந்த அம்மா கணவனைப் பார்த்தார். பிறகு குனிந்து மிச்சத்தை மெதுவாகத் தின்று முடித்தார். அதற்குமேல் இயந்திரத்தைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசினோம். போகும்போது அமெரிக்கர் இவர் கையை நெடுநேரம் பிடித்துக் குலுக்கினார்.

அவர்கள் இறங்கிப் போனதும் மதினி, “என்னலே சொன்னா அவ?” என்றார். இவர் அக்காவுக்குத் தமிழில் எல்லாவற்றையும் சொன்னார். ஹோட்டல், பொட்டலம், கோயில் வாசல், ஜன்னல். மதினி கேட்டுக்கொண்டே இருந்தார். ஒரு கேள்வி கேட்கவில்லை. முடிந்த பிறகு சொன்னார்:

“நம்ம அப்பாவும் ஊர்ல காப்பிக்கடைக்கு வெளிய நின்னுதான் குடிப்பாரு. அவருக்குன்னு தனியா ஒரு செரட்ட வச்சிருப்பானுவ. நீ அப்ப கைப்புள்ள. அந்தக் கண்றாவிய நீ பாக்கக் கூடாதுன்னுதான்ல உன்னைத் தூக்கிட்டு இங்கன வந்தேன்.”

“எனக்குத் தெரியாதுக்கா.”

“நான் சொல்லல. நீ எங்கிட்ட சொன்னியா?”

“சொன்னா நீ என்ன செஞ்சிருப்ப?”

“அழுதிருப்பேன். பொறவு சோறு போட்டிருப்பேன்.”

அன்று அதுதான் நடந்தது. மதினி அழுதார். பிறகு எழுந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அடுப்படிக்குள் போய், மீன்குழம்பைச் சுடவைத்துத் தம்பிக்குத் தட்டில் சோறு போட்டார். பக்கத்திலேயே உட்கார்ந்து, அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை நகரவில்லை.

கோயிலுக்கு அவர் உடனே வந்துவிடவில்லை. கிறிஸ்துமஸ் நெருங்கியபோது பாடகர் குழு ஒத்திகை நடந்த ஒரு நாள், யாரும் கூப்பிடாமலே போய்க் கடைசி வரிசையில் நின்றார். மதினி சபையில் அதுவரை பேசியவர்களையெல்லாம் ஒரு பார்வை பார்த்தார். அதோடு வாய்கள் அடங்கின.

அமெரிக்கர் வேலை முடிந்து ஊர் திரும்பினார். எனக்குள் மட்டும் ஒரு கேள்வி மிச்சமிருந்தது. ஒருநாள் கேட்டேவிட்டேன்.

“அன்னைக்கு ஹோட்டல்லருந்து பொட்டலத்த வெளிய எடுத்துட்டு வந்து உங்க கையில குடுத்தது யாரு? நம்ம வீட்டுக்கு வந்த அந்த அமெரிக்காக்காரர்தானா?”

அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். “முகம் ஞாபகம் இல்ல” என்றார்.

தாதர் ஸ்டேஷன் கூட்டத்தில் ஒரே ஒருமுறை பார்த்தவரைப் பத்து வருஷம் கழித்து அடையாளம் கண்டுபிடிக்கிற மனிதர் அவர். நான் நம்பவில்லை. அவருக்கும் அது தெரியும். சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பிப் போனார்.